மணலைத் தேடிப் போனால் புல்தான் இருக்கிறது

போன டிசம்பரில் என் சித்தியின் மகன் ஜெய்சல்மேரில் நின்றுகொண்டு வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். பின்னால் அலையலையாக மணல், பக்கத்தில் ஒட்டகம், தலையில் வாடகைத் தலைப்பாகை. "அண்ணா, பாலைவனம் பார்த்து முடிச்சாச்சு" என்று கீழே எழுதியிருந்தான். "கானமயில் பார்த்தனியா?" என்று கேட்டேன். "மயில்தானே? ஹோட்டல் முத்தத்திலயே நிண்டது" என்று பதில் வந்தது.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கொழும்பில் இருந்து ராஜஸ்தானுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்குக் காட்டப்படுவது அவ்வளவுதான். சாம் என்ற இடத்து மணல் மேடுகளில் ஒரு மாலை, ஓர் ஒட்டகச் சவாரி, இரவு கூடாரத்தில் ஆட்டமும் பாட்டும். காலையில் வண்டி ஜோத்பூர் பக்கம் திரும்பிவிடும். அவர்கள் படம் எடுத்த மணல் மேட்டையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து விரிந்து கிடப்பதுதான் பாலைவனத் தேசிய பூங்கா. 1980இல் அறிவிக்கப்பட்டது. ஜெய்சல்மேர், பார்மேர் ஆகிய இரண்டு மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீற்றர். நம்முடைய வில்பத்துவையும் யாலவையும் தூக்கி அதற்குள் வைத்தாலும், கொழும்பு மாவட்டம் முழுவதையும் வைக்க இன்னும் இடம் மிஞ்சும்.

அதில் மணல் மேடு என்று பார்த்தால் ஒரு பகுதிதான். மிச்சமெல்லாம் கல்லும் சரளையும் கலந்த தட்டை நிலம், வற்றிப்போன உப்பு ஏரிகளின் இறுகிய அடித்தளம், செடி கொடி பிடித்து அசையாமல் நின்றுவிட்ட பழைய மேடுகள், அப்புறம் புல். ஆவணி மாதத்தில் சிலாவத்துறைப் பக்கம் போனவர்கள் அங்குள்ள பற்றைக்காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் மரங்களில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டு, வானத்தை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினால் ஏறக்குறைய அந்த இடம் வந்துவிடும்.

பாலைவனம் என்றதும் மணலை மட்டும் நினைப்பது நமக்குப் பிற்காலத்தில் வந்த பழக்கம். பழந்தமிழில் பாலைக்கென்று தனி நிலமே கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் மழை பொய்த்துக் காய்ந்தால் அதுதான் பாலை. அந்தப் பாலையில் மரம் உண்டு, கள்ளி உண்டு, பருந்தும் செந்நாயும் உண்டு, வழிப்பறி செய்கிற ஆட்களும் உண்டு. வெறுமை மட்டும் கிடையாது. தார்ப் பாலைவனத்தைப் புரிந்துகொள்ள அரேபியப் படங்களைவிட இந்தப் பழைய வரையறைதான் உதவும் என்பது என் கட்சி.

முதலில் மழைக் கணக்கு. ஜெய்சல்மேரில் ஆண்டு முழுவதும் பெய்வது ஏறக்குறைய 200 மில்லிமீற்றர். பல ஆண்டுகளில் அதுவும் இல்லை. கொழும்பில் அது 2,400 வரை போகும். 1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியதை இங்குள்ள பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். ஜெய்சல்மேருக்கு அது இரண்டு வருட மழைக்கும் மேல்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு இடத்துக்கும் மழை கொண்டுவருவது ஒரே காற்றுதான். நாம் சோளகம் என்று சொல்லும் தென்மேற்குக் காற்று மே மாதத்தில் வெள்ளவத்தைக் கடற்கரையில் கூரைத் தகரத்தைப் பிடுங்கத் தொடங்கும். அதே காற்று ஜெய்சல்மேருக்குப் போய்ச் சேர ஜூலை ஆகிவிடும். செப்டம்பர் நடுப்பகுதியில் இந்தியாவிலேயே முதலில் அது விடைபெறுவதும் அந்த மேற்கு ராஜஸ்தானில் இருந்துதான். கடைசியாக வந்து முதலில் எழும்பிப் போகிற விருந்தாளி. வங்காள விரிகுடாப் பக்கமாகச் சுற்றி வரும் மேகம் வழியிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. அரபிக்கடல் பக்கமாக வரும் மேகத்தை மறித்து மேலே ஏற்ற அங்கே மலை இல்லை. இருக்கிற ஆரவல்லி மலைத்தொடரும் காற்று வீசும் திசைக்கு இணையாகப் படுத்திருக்கிறது. நம் மத்திய மலைநாடு போலக் குறுக்கே நின்றிருந்தால் கதை வேறு.

ஆனால் கணக்கு ஒருபக்கமானது இல்லை. மே, ஜூன் மாதங்களில் தார் நிலம் 50 பாகையைத் தொடும் அளவுக்குக் காய்கிறது. காய்ந்த நிலத்தின் மேல் காற்று லேசாகி எழும்ப, வடமேற்கு இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பெரிய தாழமுக்கம் ஒன்று உண்டாகிறது. கடற்காற்றை நிலத்தை நோக்கி இழுக்கும் சக்திகளில் அதுவும் முக்கியமான ஒன்று. அதாவது மே மாதத்தில் காலி வீதியில் நாம் குடை பிடிப்பதற்கு, மழையே அரிதான அந்த நிலத்தின் காய்ச்சலும் ஒரு காரணம்.

எப்போதும் இப்படிக் காய்ந்து கிடந்த நிலமும் இல்லை. ஜெய்சல்மேர் ஊருக்குப் பக்கத்தில் ஆகல் என்ற இடத்தில் 18 கோடி ஆண்டு பழைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பட்டையின் வரி, வளையம் எல்லாம் அப்படியே. தட்டினால் மட்டும் கல்லின் சத்தம். ஜெய்சல்மேர் அருகே கிடைத்த தாவர உண்ணி டைனோசர் ஒன்றுக்கு 2023இல் தாரோசோரஸ் என்று பெயர் வைத்தார்கள், வயது 16.7 கோடி. ஒருகாலத்தில் அங்கே கடலும் கரையோரக் காடும் இருந்தன என்பதற்கு இவை போதும்.

இப்போது அங்கே நிற்கிற செடிகளுக்கு வருவோம். பெயர்கள் மார்வாரியில் இருப்பதால் அந்நியமாகத் தெரிகின்றன. கேஜ்ரி என்று அவர்கள் கொண்டாடும் மரம் நம்முடைய வன்னி. நவராத்திரி முடிந்து மானம்பூ அன்று கோயில் வாசலில் வாழையோடு சேர்த்து நட்டு வெட்டுகிறார்களே, அதே வன்னிதான். அங்கே அது சாமி மரம் மட்டும் இல்லை. சோறு போடும் மரம். வேர் மிக ஆழத்துக்கு இறங்குவதால் பக்கத்தில் விளையும் கம்புப் பயிரின் தண்ணீரில் கைவைக்காது. இலை ஆட்டுக்கு. காயைப் பறித்து உலர்த்தி, கேர் என்ற முள்செடியின் காயோடு சேர்த்துக் கறி வைக்கிறார்கள். 1730இல் ஜோத்பூருக்கு அருகில் கேஜர்லி என்ற ஊரில், அரண்மனைக்கு விறகு வெட்ட வந்த ஆட்களை மறித்து, இந்த மரங்களைக் கட்டிப்பிடித்து 363 பிஷ்னோய் மக்கள் உயிரை விட்டார்கள்.

ஜால் என்று சொல்லும் மரத்தின் ஒரு வகை உகாய். மன்னார்ப் பக்கம் தானாக வளர்கிறது. புறக்கோட்டையில் பள்ளிவாசல் வாசலில் கட்டுக்கட்டாக விற்கும் மிஸ்வாக் குச்சியும் இந்த மரத்தினுடையதுதான். எருக்கு சொல்லத் தேவையில்லை, அங்கும் எருக்குத்தான்.

ஆனால் அந்த நிலத்தின் உண்மையான முதலாளி சேவண் என்ற புல். முழங்கால் உயரத்துக்குக் கொத்துக் கொத்தாக, வைக்கோல் நிறத்தில் நிற்கும். பார்த்தால் செத்துப்போனது போலத்தான் இருக்கும். ஒரு மழை விழட்டும், சில நாளில் அடியில் பச்சை எட்டிப்பார்க்கும். ஒரே கொத்து பல வருடங்கள் உயிரோடு இருக்கும். மணலை ஓடவிடாமல் பிடித்து வைப்பது இதன் வேர்தான். மாடு, ஆடு, சிங்காரா மான், வெட்டுக்கிளி, வெட்டுக்கிளியைத் தின்னும் பறவை என்று எல்லாக் கணக்கும் இந்தப் புல்லில் போய் முடிகிறது. ஒட்டகத்தோடு படம் எடுக்கிறவர்கள் பார்க்காமல் மிதித்துக்கொண்டு போவதும் இதைத்தான்.

விலங்குகளைப் பற்றிச் சொல்லும்போது, அங்கே யால மாதிரி ஜீப்பை நிறுத்தினால் யானை வந்து நிற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அங்கே பழக வேண்டியது கீழே பார்த்துப் பழகுவது. இறுகிய மண்ணில் அரைவட்டமாக ஒரு பொந்து தெரியும். வெய்யில் ஏறியதும் அதில் இருந்து ஒரு தலை மட்டும் வெளியே வரும், மண்ணின் அதே நிறம். கொஞ்ச நேரம் அசையாது. அப்புறம் மெதுவாக முழு உடம்பும், கடைசியாக முள் வளையங்கள் அடுக்கிய தடித்த வாலும் வெளியே வரும். இதுதான் சாண்டா என்ற முள்வால் ஓணான். புல்லும் பூவும் தின்று வாழ்கிற சாது. பொழுது சாய்ந்ததும் உள்ளே போய்ப் பொந்தின் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு படுத்துவிடும். பருந்து, நரி, காட்டுப்பூனை, கானமயில் என்று அந்த நிலத்தில் பாதிப் பேருக்கு இதுதான் சாப்பாடு. போதாததற்கு மனிதர்களும் இதன் கொழுப்பில் தைலம் காய்ச்சி, ஆண்மைக்கு நல்லது என்று விற்கிறார்கள்; சட்டப்படி குற்றம், மருத்துவப்படி பொய்.

நரியிலும் ஒரு சங்கதி இருக்கிறது. நாம் இலங்கையில் நரி என்று சொல்வது குள்ளநரியை. அங்கே உண்மையான நரியே இரண்டு வகை. வால் நுனி வெள்ளையாக இருந்தால் பாலைவன நரி, கறுப்பாக இருந்தால் இந்திய நரி. வால் தெரியாவிட்டால் வழிகாட்டி சொல்வதை நம்ப வேண்டியதுதான். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் நாம் பயப்படுகிற சுருட்டை விரியனின் இனம் அங்கும் உண்டு. உடம்பை வளைத்து வளைத்துச் செதிலோடு செதில் உரசி, சூடான தாச்சியில் தண்ணீர் தெளித்தது போல ஒரு சத்தம் போடும். தண்ணீர் மிச்சம் பிடிக்கும் உபாயம் என்று இதற்கு ஒரு விளக்கம் உண்டு: மற்றப் பாம்பு சீறும்போது மூச்சோடு ஈரமும் போகும், இதற்கு அந்த நட்டம் இல்லை.

தண்ணீர் விஷயத்தில் எனக்குப் பிடித்தது கல்கௌதாரி. புறா அளவு, மண் நிறம். காலையில் கூட்டமாக நீர்நிலைக்கு வரும். குஞ்சு இருக்கும் காலத்தில் ஆண் பறவை வயிற்றைத் தண்ணீரில் அழுத்தி அழுத்தி நனைத்துக்கொள்ளும். வயிற்று இறகின் இழைகள் சுருண்டு பஞ்சு போலத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அப்படியே பல கிலோமீற்றர் பறந்து போய் நிற்க, குஞ்சுகள் அடியில் புகுந்து இறகைச் சப்பித் தண்ணீர் குடிக்கும். சிங்காரா மானுக்கு இந்தப் பாடும் இல்லை. இலையில் இருக்கும் ஈரத்தையும் பனியையும் வைத்தே நாட்கணக்கில் ஓட்டிவிடும்.

இனிக் கானமயில். தமிழில் இந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பாடமாக்கியிருக்கிறோம்; காட்டு மயில் என்றுதான் அதற்குப் பொருள் சொல்லித் தந்தார்கள். இன்று தமிழில் இந்தப் பெயர் வேறொரு பறவைக்கு உரியது. ஒரு மீற்றர் உயரம், ஆணுக்கு எடை 15 கிலோ வரை. பறக்கும் பறவைகளில் உலகத்திலேயே கனமானவற்றில் ஒன்று. வெள்ளைக் கழுத்து, தலையில் கறுப்புத் தொப்பி, நடையில் ஒரு பெரிய மனிதத் தோரணை. ராஜஸ்தானில் கோடாவண் என்பார்கள், மாநிலப் பறவையும் அதுவே. இணை தேடும் காலத்தில் ஆண் கழுத்துப் பையை ஊதிப் பெருக்கித் தொங்கவிட்டு, வாலை முதுகுப் பக்கம் மடித்து, அடிவயிற்றில் இருந்து ஒரு முழக்கம் போடும். அரைக் கிலோமீற்றர் தள்ளியும் கேட்கும்.

1960களின் தொடக்கத்தில் இந்தியாவின் தேசியப் பறவையைத் தேர்ந்தபோது, பறவையியலாளர் சலீம் அலி கானமயிலுக்காகப் பேசினார். 1963இல் மயில் வென்றது. கானமயிலின் bustard என்ற ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்துப் பிசகினால் கெட்ட வார்த்தை ஆகிவிடும் என்று பயந்ததாக ஒரு கதை உலவுகிறது. எப்படியோ, மயில் இன்று ஹோட்டல் முற்றத்தில் நிற்கிறது. ஒருகாலத்தில் தமிழ்நாடு வரை இருந்த கானமயில் உலகம் முழுவதும் 150 அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கிறது. பெரும்பாலானவை இந்தப் பூங்காவிலும், பொக்ரான் பீரங்கிப் பயிற்சி நிலத்திலும். குண்டு விழுகிற இடத்தில் ஆள் நடமாட்டம் இல்லை என்பதால் பறவைக்கு நிம்மதி.

ஏன் இந்த நிலை? வேட்டை ஒரு காரணம், பழைய காரணம். வருடத்துக்கு ஒரு முட்டை, அதுவும் வெறும் தரையில். நாய் ஒன்று வந்தால் அந்த வருடக் கணக்கு முடிந்தது. பஞ்சாபில் இருந்து இந்திரா காந்தி கால்வாய் தண்ணீர் கொண்டுவந்ததும் புல்வெளி வயலானது. கால்வாயால் வாழ்ந்த குடும்பங்களைப் பார்த்தால் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இப்போதைய எமன் வேறு.

சித்தியின் மகன் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மணல் மேட்டுக்கு மேலே, ஒட்டகத்தின் காதுக்குப் பின்னால், மெல்லிய இரண்டு கோடுகள். மின்கம்பி.

கானமயிலுக்குக் கண் தலையின் இரண்டு பக்கமும் இருக்கிறது. நிலத்தில் நடக்கும் பறவைக்கு அது வசதி. நரி எந்தப் பக்கம் வந்தாலும் தெரியும். ஆனால் நேர் முன்னே பார்க்கும் பரப்பு மிகக் குறுகல். பறக்கும்போது கீழே பார்க்கத் தலையைச் சாய்த்தால் முன்பக்கம் அடியோடு மறைந்துவிடும். ஆயிரக்கணக்கான தலைமுறையாக அந்த வானத்தில் குறுக்கே எதுவும் இருந்ததில்லை, ஆகையால் பார்க்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை. கம்பி கண்ணில் படும்போது மிகப் பக்கத்தில் வந்திருக்கும். 15 கிலோ உடம்பைச் சட்டென்று திருப்ப முடியாது. தாரில் வருடத்துக்குப் பதினெட்டுக் கானமயில் வரை இப்படிச் சாகலாம் என்று இந்திய வனவுயிர் நிறுவனம் கணக்கிட்டது. 150இல் 18.

அந்தக் கம்பி வெட்டியாகப் போடப்படவில்லை என்பதுதான் சிக்கல். வெய்யிலும் காற்றும் குறைவில்லாத நிலம். பட்லா என்ற இடத்தில் மட்டும் 2,245 மெகாவாற் சூரிய மின்சாரம் எடுக்கிறார்கள். நிலக்கரியை விட வேண்டும் என்றால் சூரியத் தகட்டை எங்காவது விரிக்கத்தானே வேண்டும்? 2021 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் கானமயில் பகுதிகளில் மின்கம்பியை நிலத்துக்கு அடியில் போடச் சொன்னது. முடியாத காரியம், செலவும் தாங்காது என்று அரசு திரும்பப் போக, 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது. இதற்கிடையில் சாமிலும் ராம்தேவ்ராவிலும் முட்டைகளை எடுத்து வந்து பொரிக்க வைத்துக் குஞ்சு வளர்க்கிறார்கள். 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் மூலமாக முதல் குஞ்சு பிறந்தது. நல்ல செய்திதான். வளர்த்து முடித்துத் திறந்துவிடும்போது அது பறக்கப்போகும் வானத்தில் கம்பி இருக்குமா என்பதற்கு அந்த நிலையத்தில் விடை கிடையாது.

எனக்குத் தோன்றுவது, கம்பிக்கு முன்னால் காகிதத்தில்தான் பிழை நடந்தது. இந்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத்தில் மணல் நிலமும் பற்றைநிலமும் தரிசுக் கணக்கில் வருகின்றன. காடு என்றால் வெட்ட அனுமதி வேண்டும். தரிசு என்றால் யாருக்கும் கொடுத்துவிடலாம். ஊர்க்காரர்களுக்கு அது தரிசாக இருந்ததே இல்லை. ஒரண் என்று சாமிக்கு நேர்ந்துவிட்ட நிலங்களை வைத்து, கிளையை ஒடிக்காமல் மாடு மட்டும் மேய்த்து வந்தார்கள். பூங்காவின் எல்லைக்கு உள்ளேயே பத்துக்கணக்கான கிராமங்கள் இருக்கின்றன. பெயரில் தேசிய பூங்கா என்றாலும் சட்டப்படி அது சரணாலயம்தான், மக்கள் உள்ளேயேதான் வாழ்கிறார்கள். பிணந்தின்னிக் கழுகுகள் அங்கே இன்னும் மிஞ்சியிருப்பதற்கும் இந்த மேய்ச்சல்காரர்களின் செத்த மாடு ஒரு காரணம். நம் நாட்டில் பார்க்கவே கிடைக்காத அந்தப் பறவைகளில் ஏழு வகை அங்கே உண்டு.

இதையெல்லாம் கொழும்பில் இருந்துகொண்டு தூரத்துக் கதையாகச் சொல்ல முடியவில்லை. மன்னாரின் தென்கரையில் 2020 டிசம்பரில் இருந்து 30 காற்றாலைகள் சுழல்கின்றன. மத்திய ஆசியாவில் இருந்து வலசை வரும் பறவைகள் இலங்கைக்குள் நுழையும் வாசல்களில் மன்னாரும் ஒன்று. பக்கத்தில் வங்காலைச் சரணாலயத்தில் பூநாரைகள் இறங்குகின்றன. மேலும் காற்றாலைகள் வேண்டுமா என்று தீவில் நடக்கும் வாதத்தில், கொழும்புக் கூட்டங்களில் காதில் விழும் ஒரு வசனம் எனக்குப் பழக்கமானது: "அங்க வெறும் வெளிதானே கிடக்கு."

தம்பி இந்தப் பெப்ரவரியில் மறுபடியும் போகிறானாம், மனைவியோடு. என்ன பார்க்கலாம் என்று கேட்டான். சாமில் இரவு தங்கினாலும் பரவாயில்லை, காலை வெளிச்சம் வர முன்னமே பூங்காவுக்குள் இருக்கும் சுதாசரிக்குப் போ, வனத்துறை அனுமதியை முதல் நாளே எடுத்து வை, தொலைநோக்கி இல்லாவிட்டால் என்னுடையதைக் கொண்டு போ என்றேன். சாரதியிடம் கோடாவண் என்று சொன்னால் போதும், அவருக்குத் தெரியும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் புல்லைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

"எவ்வளவு நேரமண்ணா?"

"ஒரு மூண்டு மணித்தியாலம் வை. தண்ணி கொண்டு போ."